ஒரு விரற்கடை குறைந்த பாக்கெட்டுகள்

"உக்காருங்க அம்மணி. டீ சொல்லட்டுங்களா?"

"வேண்டாங்க சார். இப்பத்தான் குடிச்சுட்டு வந்தேன்."

ரித்திகா சொன்னது காதில் விழாததுபோல வரதராஜுலு இரண்டு டீக்குச் சொல்லியனுப்பினார். டீ வரும்வரை வெயிலைப் பற்றிப் பேசினார். பொள்ளாச்சி ரோட்டில் கண்ட இடத்தில் லாரியை நிறுத்துகிறவர்களைப் பற்றிப் பேசினார். அவளுடைய அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா என்று கேட்டார். அவர் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் உற்பத்தி மேலாளர். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவருக்கு இத்தனை ஓய்வு இருந்து ரித்திகா பார்த்ததில்லை. அந்தப் பக்கத்து மனிதர்கள் கெட்ட செய்தியை எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். சுற்றுப்பேச்சு எவ்வளவு நீள்கிறதோ, வரப்போகும் செய்தி அவ்வளவு கெட்டது. அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டீ வந்தது. அவர் இழுப்பறையைத் திறந்து ஐந்து பிளாஸ்டிக் பாக்கெட்டுகளை எடுத்து அவள்முன் வரிசையாக வைத்தார்.

"அந்தியூர் டீலர் திருப்பியனுப்பியிருக்காருங்க. எண்ணிப் பாருங்க."

அந்தக் கம்பெனியில் ஒவ்வொரு பம்புடனும் ஒரு பாக்கெட் போகும். நான்கு போல்ட், நான்கு நட், நான்கு வாஷர், ஒரு ரப்பர் கேஸ்கட், ஒரு சீட்டு. ரித்திகா எண்ணினாள். முதல் பாக்கெட்டில் நட் மூன்றுதான் இருந்தது. இரண்டாவதில் போல்ட் ஒன்று குறைவு. மூன்றாவதில் வாஷர் இரண்டு. நான்காவதை அவள் எடுக்கவில்லை.

"தோட்டத்துல பம்ப எறக்கறதுக்கு நாலு ஆளு கயித்தப் புடிச்சுட்டு நிக்கறாங்க. பாக்கெட்டப் பிரிச்சா நட்டு ஒண்ணு இல்ல. ஞாயித்துக்கெழம, கடையும் இல்ல. அந்தத் தோட்டத்துக்காரர் டீலர்கிட்ட என்ன பேசியிருப்பாருன்னு நினைக்கறீங்க?"

"இது ரூபன் போட்டதுங்களா சார்?"

"சீட்டுல மேஜை நம்பர் இருக்குதுங்களே. ஏழு. மொத்தம் நாப்பத்தோரு பாக்கெட் இந்த மாதிரி. எல்லாமே போன மாசம் போனது."

"பதினாலு மாசமா ஒரு தப்புக்கூட இல்லைன்னு நீங்கதானே சார் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க."

"நானும் அதத்தான் ரோசன பண்ணிட்டிருக்கறேன்." அவர் பாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். "பையன் தங்கமான பையனுங்க. அதுல சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்ச நாளைக்கு ஊட்ல இருக்கட்டுமுங்க. அப்பறம் சொல்லியனுப்பலாம்."

சொல்லியனுப்பலாம் என்றால் சொல்லியனுப்ப மாட்டார்கள் என்று ரித்திகாவுக்குத் தெரியும்.

"ஒரு வாரம் குடுங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"ஒரு வாரத்துல என்னங்க ஆகப்போகுது?"

"என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சிடறேன்."

அவர் டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "சனிக்கெழம சாயங்காலம் அவன் பெட்டியில இருந்து நூறு பாக்கெட் எடுத்துப் பிரிப்பேன். ரெண்டு வரைக்கும் பொறுத்துக்கறேன். மூணாச்சுன்னா, நீங்க எங்கிட்ட எதுவும் கேக்கக் கூடாது. சரிங்களா?"

"சரிங்க சார்."

"டீ ஆறிப்போச்சு பாருங்க" என்றார் வரதராஜுலு, வருத்தத்தோடு.

ரித்திகா காந்திபுரத்தில் ஒரு மாடியில் இயங்கும் தொண்டு நிறுவனத்தில் வேலைப் பயிற்சியாளர். உடல் குறையோ அறிவுக் குறையோ உள்ளவர்களை ஒரு கம்பெனியில் சேர்த்துவிடுவது சுலபம். அங்கே அவர்கள் நிலைத்திருக்கும்படி செய்வதுதான் அவள் வேலை. முதல் மாதம் முழுக்க ஆளின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பிறகு வாரம் ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை. கடைசியில் பயிற்சியாளர் இருந்த இடமே தெரியாமல் மறைந்துவிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பாடம் அவளுக்குச் சிரமமில்லாமல் வந்தது. நாலு பேர் கூடும் இடத்தில் சுவரோரமாக நிற்கிற பழக்கம் அவளுக்குப் பள்ளியிலிருந்தே உண்டு. ரூபன் விஷயத்திலும் எட்டாவது மாதத்தோடு மறைந்துவிட்டாள். மாதத்துக்கு ஒரு தடவை வந்து, கணக்குத்தாளில் தவறு என்ற இடத்தில் பூஜ்யம் இருப்பதைப் பார்த்து, சந்தோஷமாகத் திரும்பிப் போனாள். ஏழாம் மேஜைப் பக்கம் போய் நின்று பார்க்கவில்லை.

ரூபனுக்கு இருபத்தாறு வயது. கிணத்துக்கடவில் தேங்காய்க் களத்தில் மட்டை உரிக்கும் மாசாணத்தின் ஒரே மகன். மூன்று வயதில் நடந்தான், ஐந்து வயதில் பேசினான். பள்ளிக்கூடம் அவனை எதுவும் கேட்காமல் ஒன்பதாம் வகுப்புவரை தூக்கிப் போட்டது. அதன்பிறகு நான்கு இடங்களில் வேலை பார்த்தான். ஒரு பேக்கரி, ஒரு நார் மில், ஒரு கல்யாண மண்டபம், ஒரு கோழிப்பண்ணை. நான்கு இடத்திலும் சில மாதங்களில் வேலையை விட்டுத் தாட்டிவிட்டார்கள். எங்கேயும் யாரும் அவனைத் திட்டவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் கழிச்சு வா கண்ணு" என்றுதான் சொன்னார்கள். ரூபன் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவன். பேக்கரிக்காரர் பாலுசாமி அப்படிச் சொன்ன பிறகு வாராவாரம் வெள்ளிக்கிழமை சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு கடை முன்னால் போய், "கொஞ்ச நாள் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டான். பாலுசாமி ஒரு பன்னைக் கையில் கொடுத்து அனுப்பினார். இது இரண்டு மாதம் நடந்தது. ஒன்பதாவது வெள்ளிக்கிழமை மாசாணம் அவன் சட்டையை எடுத்து ஒளித்துவைத்தாள்.

பம்ப் கம்பெனி ஐந்தாவது இடம். இதிலும் தாட்டிவிட்டால் தேங்காய்க் களம்தான், வேறு போக்கில்லை. களத்தில் கடப்பாரை முனையில் மட்டை உரிக்கிற வேகத்துக்கு அவன் கை தாங்காது என்று மாசாணம் முதல் நாளே ரித்திகாவிடம் சொல்லியிருந்தாள்.

அன்று பகல் முழுக்க ரித்திகா ஏழாம் மேஜை அருகே நின்றாள். வந்த உடனேயே ஒன்று கண்ணில் பட்டது. அவள் செய்து கொடுத்த தட்டைக் காணோம். தக்காளி நாற்று விடுகிற கறுப்புக் குழித்தட்டை வாங்கி, பன்னிரண்டு குழி இருக்கும்படி வெட்டிக் கொடுத்திருந்தாள். ஒரு வரிசை போல்ட், ஒரு வரிசை நட், ஒரு வரிசை வாஷர். எல்லாக் குழியும் நிரம்பினால்தான் கவருக்குள் கொட்ட வேண்டும். ஒரு குழி காலியாக இருந்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

"தட்டு எங்க ரூபன்?"

"அக்கா ஊட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க மேடம். கத்திரி நாத்து உட்டிருக்காங்க."

அக்கா என்பது ஆறாம் மேஜையில் அதே வேலை செய்யும் பழனியாத்தாள். ஐம்பது வயது, அதே கிணத்துக்கடவு, அதே பஸ். அவர் கை ஓயாமலே பதில் சொன்னார்.

"அதுல அடுக்கிட்டிருந்தா நாளைக்கு இருநூறு தாண்டாதுங்க அம்மணி. முன்னூறு போடோணும்னு சொல்றாங்கல்ல. பையன் பாவம், வெசனப்பட்டுட்டு உக்காந்திருந்தான். நான்தான், சும்மா போடு கண்ணு, கையே எண்ணிக்கும்னு சொன்னேன்."

ரூபன் சும்மாதான் போட்டான். ஆனால் நன்றாகவே போட்டான். சாயங்காலம் ரித்திகா அவன் பெட்டியிலிருந்து ஐம்பது பாக்கெட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எண்ணினாள். ஐம்பதும் சரி. பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்குப் பயம் கூடியது. தப்பு எங்கே என்று தெரிந்தால் திருத்தலாம். இங்கே தப்பே இல்லை. ஆனால் நாற்பத்தோரு பாக்கெட் திரும்பி வந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பெட்டியை மறுபடி பார்த்தபோது ஒரு வித்தியாசம் தென்பட்டது. சில பாக்கெட்டுகள் மற்றவற்றைவிட ஒரு விரற்கடை நீளம் குறைவாக இருந்தன. கவர்கள் எல்லாம் ஒரே அளவுதான். காலால் மிதிக்கிற சீல் மெஷினில் ஒரு கோடு போட்டிருக்கும். கவரின் வாயை அந்தக் கோட்டில் வைத்து மிதிக்க வேண்டும். ரூபன் கோட்டிலிருந்து நூலளவும் பிசகாதவன். ஒரு கவர் குட்டையாக வேண்டுமானால், யாராவது அதை வெட்டிப் பிரித்து மறுபடி சீல் அடித்திருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் குழாயடிக்குப் போனார்கள். ரித்திகா இரும்பு அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பழனியாத்தாள் மட்டும் போகவில்லை. ரூபனின் பெட்டியைத் தன் மடிக்கு இழுத்தார். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்து விரல்களால் நசுக்கிப் பார்த்தார், பழக்கடையில் சாத்துக்குடி பார்ப்பதுபோல. ஏழெட்டுக்கு ஒன்றைத் தனியே வைத்தார். தனியே வைத்ததை பிளேடால் கிழித்து, ஒரு நட்டையோ வாஷரையோ போட்டு, மறுபடி சீல் அடித்துப் பெட்டிக்குள் திருப்பிப் போட்டார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது ரித்திகா எதிரில் நின்றாள்.

"எவ்வளவு நாளாங்க அக்கா?"

"எது அம்மணி?" என்றார் பழனியாத்தாள். பிறகு, "இப்ப ஒரு ஆறேழு மாசமா" என்றார்.

"போன மாசம் நீங்க லீவுல இருந்தீங்களா?"

"பொண்ணுக்குப் பிரசவமுங்க, சென்னிமலையில. இருவது நாளு போயிட்டேன்." அவர் குரல் தாழ்ந்தது. "அதனாலதானுங்களா திரும்பி வந்துச்சு?"

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லங்க."

"அதெப்படிங்க சொல்றது? நீ போட்டது தப்புன்னு மூஞ்சிக்கு நேராவா? அவன் மூஞ்சி அப்படியே சுருங்கிப்போயிருமுங்க. உங்களால பாக்க முடியாது. தெனம் பத்துப் பன்னெண்டு பாக்கெட்டு, எனக்கு அதொரு வேலையா?" அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். "வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க. கத்திரிக்காக் கொழம்பு."

இனிமேல் செய்யாதீர்கள் என்று ரித்திகா சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. தாயைப்போல ஒரு பெண், வியர்த்த முகத்தோடு சாப்பிடக் கூப்பிடுகிறாள். "சரிங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள். எதற்குச் சரி என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் தப்பு எங்கே நடக்கிறது என்பது அன்றைக்கே புலப்பட்டது. ரூபனுக்கு நான்குவரை எண்ணத் தெரியும், யாரும் கூப்பிடாதவரை. ஆனால் எல்லோரும் கூப்பிட்டார்கள். "ரூபா, தண்ணி கொண்டா." "ரூபா, டேப்பு எடுத்துட்டு வா சாமி." சரக்கு அனுப்பும் பகுதியைப் பார்க்கும் அப்துல் நாசர் மட்டும் ஒரு மணி நேரத்தில் ஐந்து தடவை கூப்பிட்டார். பெரியவர்கள் கூப்பிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழ வேண்டும் என்று மாசாணம் சொல்லி வளர்த்திருந்தாள். ரூபன் பாதிக் கவரைப் போட்டுவிட்டு எழுந்தான். திரும்பி வந்து, கையில் கிடைத்த கவரை நிரம்பியதாக நினைத்துக் கோட்டில் வைத்து மிதித்தான். முந்தின நாள் அவளுடைய ஐம்பது பாக்கெட்டில் தப்பு இல்லாததற்கும் காரணம் இருந்தது. அவள் எண்ணியது மணி நாலரைக்கு. பழனியாத்தாள் எண்ணியது ஒன்றரைக்கும், நாலு மணி டீ இடைவேளைக்கும்.

புதன்கிழமை ரூபனிடம் சொல்லியாக வேண்டும். ரித்திகா கேட்ட தட்டைத் திருப்பித் தருவதற்காக நாற்றை எடுத்து நட, பழனியாத்தாள் அன்று லீவு போட்டிருந்தார். காலையிலிருந்து தள்ளிப்போட்டுப் பதினொரு மணிக்குச் சொன்னாள். சுற்றிவளைத்துத் தொடங்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனுக்குச் சுற்றுப்பேச்சு புரியாது. அந்தியூர் பாக்கெட்டுகளை அவன்முன் கொட்டி எண்ணச் சொன்னாள். அவன் விரல் வைத்து எண்ணினான்.

"ஒண்ணு கொறையுதுங்க மேடம்."

"இது நீங்க போட்டது ரூபன்."

அவன் சீட்டைத் திருப்பி ஏழைப் பார்த்தான். "இது மட்டுங்களா?"

"இல்ல. தினமும் பத்து இருக்கும். அக்கா பிரிச்சுச் சரி பண்ணி மறுபடி சீல் வச்சிருக்காங்க. குட்டையா இருக்கிறதெல்லாம் அவங்க பண்ணது."

"தெனமுங்களா?"

"தினமும்."

பழனியாத்தாள் சொன்னது உண்மைதான். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ரித்திகா மெஷினைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொன்னாள், தட்டைப் பற்றி, கூப்பிட்ட உடனே எழுவதைப் பற்றி. பேசி முடித்துத் திரும்பியபோது ரூபன் குழாயடியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். துடைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டி வெளியே போனான். காவலாளி ஏதோ கேட்டதற்கு நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் போனான்.

மத்தியானம் மாசாணத்துக்குப் போன் செய்தாள். "ஊடு வரலீங்களே அம்மணி" என்றாள் மாசாணம். மூன்று மணிக்கும் வரவில்லை. வரதராஜுலு ஒரு முறை அந்தப் பக்கம் நடந்து போனார். காலி நாற்காலியைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால் தேவலை. ஆறு மணிக்கு மாசாணமே கூப்பிட்டாள். வந்துவிட்டான், சோறு தின்றான், பேச்சில்லை. "நாளைக்கு அனுப்பறீங்களா?" என்று ரித்திகா கேட்டாள். "நான் எங்கீங்க அனுப்பறது. அவன் போனாத்தான் உண்டு."

வியாழக்கிழமை எட்டு மணியிலிருந்து அவள் கேட்டில் நின்றாள். எட்டேகாலுக்குக் கிணத்துக்கடவு பஸ் வந்தது. பழனியாத்தாள் மட்டும் இறங்கினார். கையில் கழுவித் துடைத்த குழித்தட்டு.

"நாத்தப் புடுங்கி நட்டுப்போட்டேனுங்க. பாதி பொழைக்காது" என்றார். பிறகு, "பஸ் ஸ்டாண்டுல அவனக் காணோம். சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிட்டேங்க."

"நான்தான் சொன்னேனுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த வார்த்தை ரித்திகாவைக் கேட்டிலேயே நிறுத்திவைத்தது. எட்டரைக்குச் சங்கு ஊதியது. ஒன்பது அடித்தது. இன்னொரு பஸ் நிற்காமலே போனது. பதினாலு மாதமாக ஓடிய ஒன்றைத் தான் வந்து மூன்று நாளில் உடைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. ஒன்பதேகாலுக்கு ஒரு மினி வேனின் பின்னாலிருந்து ரூபன் குதித்தான். சுத்தமான சட்டை போட்டிருந்தான்.

"பேக்கரிக்குப் போயிருந்தேனுங்க மேடம். நேத்து பாலுசாமி அண்ணன் கடையில இல்ல. இன்னைக்குத்தான் இருந்தாரு."

"எதுக்கு?"

"அங்க நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேக்கறதுக்குங்க." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "மொதல்ல சொல்ல மாட்டேன்னாரு. பன்னு குடுத்தாரு. பன்னு வேண்டாமுங்க, சொல்லுங்கன்னு நின்னுட்டேன். ஆளுங்க பாதி டீ குடிச்சுட்டிருக்கறப்பவே கிளாஸ எடுத்துக் கழுவப் போட்டுருவேனாமுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க. கிளாஸ் சும்மா வச்சிருக்கக் கூடாதுன்னு அவருதான் சொன்னாரு. நான் சும்மா வச்சிருக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்." கொஞ்சம் யோசித்தான். "சொல்லியிருந்தா குடிச்சு முடிக்கற வரைக்கும் நின்னிருப்பேனுங்கல்ல?"

அவன் தட்டின்முன் உட்கார்ந்தான். முதல் நாள் நூற்றெழுபது பாக்கெட்டுக்குமேல் வரவில்லை. ஆனால் பதினொரு மணிக்கு நாசர், "ரூபா, டேப்பு" என்று குரல் கொடுத்தபோது அவன் எழவில்லை. இடுப்பு பாதி எழுந்தது, ரித்திகா பார்த்தாள். ஒரு கை மேஜையைப் பிடித்துக்கொண்டது.

"சீல் அடிச்சுட்டு வாரேனுங்க" என்றான். குரல் தேவைக்குமேல் உரத்து வந்தது.

மேஜைகள் சிரித்தன. "பார்றா, ஆபீசரு பிசியா இருக்காரு" என்றார் நாசர். "அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வரட்டுங்களா சாரே?"

"ஒரு நிமிசமுங்க பாய்" என்றான் ரூபன், குழியை எண்ணிக்கொண்டே. நாசர் காத்து நின்று பார்த்தார். பிறகு தானே போய் டேப்பை எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை அவர் ஒரு தடவைதான் கூப்பிட்டார்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வரதராஜுலு ஏழாம் மேஜைமேல் செய்தித்தாளை விரித்தார். பெட்டிக்குள் கையை ஆழமாக விட்டு நூறு பாக்கெட்டுகளை அள்ளினார். அவர் பிளேடால் பிரித்துக் கொட்ட, நாசர் எண்ணினார். ரூபன் கைகட்டி நின்றான். ரித்திகா சுவரோரம்.

பத்து, இருபது, முப்பது. எல்லாம் நான்கு, நான்கு, நான்கு. முப்பத்தெட்டாவதில் நாசர் நிறுத்தினார். வரதராஜுலு குனிந்து பார்த்து, அந்தக் குவியலைச் செய்தித்தாள் மடிப்புக்குள் தள்ளினார்.

"அது தப்புங்களா சார்?" என்றான் ரூபன்.

"ஒண்ணுதானே. பரவால்ல உடு."

"என்ன தப்புன்னு காட்டுங்க சார்."

வரதராஜுலு ரித்திகாவைப் பார்த்தார். பிறகு மடிப்பைத் திறந்து காட்டினார். வாஷர் ஐந்து இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ரூபன் அவற்றை நகத்தால் பிரித்தான், ஒட்டவைத்தான், மறுபடி பிரித்தான். "சரிங்க சார்" என்று பின்னால் போய் நின்றான்.

அறுபதைத் தாண்டியபோது ரித்திகா அதைப் பார்த்தாள். குட்டையான ஒரு பாக்கெட். வரதராஜுலு பிரித்தார், நான்கு, நான்கு, நான்கு, நல்ல குவியலில் சேர்த்தார். அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஆறாம் மேஜையில் பழனியாத்தாள் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார். எழுபத்தொன்று, இன்னொரு குட்டை. இப்போது சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை நிலைக்கும், அந்தியூரில் இன்னொரு தோட்டத்தில் நாலு பேர் கயிற்றைப் பிடித்து நிற்கும்வரை. செவ்வாய்க்கிழமை கத்திரிக்காய்க் குழம்புக்குமுன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு குட்டைப் பாக்கெட்கூட இங்கே இருந்திருக்காது. எண்பதுக்கு மேல் மூன்றாவது குட்டைப் பாக்கெட்டை வரதராஜுலு கையில் எடுத்தார்.

"நிறுத்துங்க சார்" என்றான் ரூபன். "அது நான் போட்டதில்லீங்க."

"ஏழுன்னு போட்டிருக்குதே."

"நான் கோட்டுல வச்சுத்தான் மிதிப்பேனுங்க. இது குட்டை. அதோ, அதுவும், அதுவும்." நல்ல குவியலுக்கு அருகே கிடந்த கவர்களிலிருந்து இரண்டைப் பொறுக்கி மூன்றாவதோடு சேர்த்து வைத்தான். "இது அக்கா போட்டது."

வரதராஜுலு மூன்று கவர்களையும் சேர்த்துப் பிடித்து அளந்து பார்த்தார். பழனியாத்தாளைக் கூப்பிட்டார்கள். அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"காலையில சும்மா ஒரு பார்வை பாத்துப்போடலாமுன்னு..."

"இந்த மூணுல என்னங்க கொறஞ்சுது?" என்றார் வரதராஜுலு.

"ஒண்ணுல நட்டு கொறஞ்சாப்பல இருந்துச்சு. மத்தது சந்தேகத்துக்குப் பிரிச்சேன். சரியாத்தான் இருந்துச்சா, நான்தான் ஏதாவது போட்டேனான்னு இப்பக் கேட்டா எப்படீங்க சொல்றது? கை பாட்டுக்குச் செய்யுது." அவருக்குக் கண் கலங்கியது. "நல்லதுக்குத்தானுங்க பண்ணேன்."

மீதியையும் பிரித்தார்கள். வேறு தப்பு இல்லை. ஆனால் கணக்கு ஒரு முடிவுக்கு வரவில்லை. ஒன்று நிச்சயம் தப்பு, இன்னொன்று ஏறக்குறைய தப்பு, இரண்டு யாருக்கும் தெரியாது. வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிங்க. பாக்கலாமுங்க. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அப்பறம் சொல்லலாம்."

"கொஞ்ச நாள்னா எத்தன நாளுங்க சார்?" என்றான் ரூபன்.

"அது... பாத்துக்கலாம் தம்பி."

"திங்கக்கெழம நான் வாரதுங்களா, வேண்டாங்களா?"

வரதராஜுலுவிடம் அந்தக் கம்பெனியில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவர் நாசரைப் பார்த்தார். நாசர் வாஷர்களை எண்ணுவதுபோலக் குனிந்துகொண்டார். ரித்திகா சுவரை விட்டு இரண்டடி முன்னால் வந்திருந்தாள்.

"அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லிருங்க சார்" என்றாள். "எதுவா இருந்தாலும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வா" என்றார். "எட்டரைக்கு. தட்ட வச்சே போடு. இருநூறு போதும். ஆனா ஒவ்வொரு சனிக்கெழமையும் பிரிப்பேன். தப்பா இருந்தா உங்கிட்டயே காட்டுவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"தூக்க மாட்டேனுங்க சார்."

ஐந்தரை மணிக்கு அவர்கள் பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். பழனியாத்தாள் நான்கடி தள்ளிப் புளிய மரத்தடியில், ரோட்டைப் பார்த்தபடி நின்றார். தூக்குப்பை தோளில் இருந்தது. வழக்கமாக அதை ரூபன்தான் வாங்கிக்கொள்வான். இன்று அவர் கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இரண்டு மூன்று தடவை அவன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு ரித்திகாவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மேடம், எனக்காக ஒண்ணு செய்யோணுங்க."

"சொல்லுங்க ரூபன்."

"அக்காகிட்ட நீங்க சொல்லோணும், என் பெட்டிய இனித் தொட வேண்டாம்னு. எனக்கு வாய் வராதுங்க. நீங்க சொல்லுங்க, ஆனா அவங்க அழுகாத மாதிரிச் சொல்லோணும். மத்தியானம் எப்பவும் போல அவங்ககூடத்தான் சோறு திம்பேன்னும் சொல்லிருங்க. திங்கக்கெழமைக்கு வேண்டாமுங்க மேடம், இப்பவே சொல்லுங்க, பஸ் வாரதுக்குள்ள."